ரயில் மாறும் நேரம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தில் நடந்தது இது. வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் எனக்கு அதுதான் ஊர்.

மேட்டுப்பாளையம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே கேட்பார்கள். "ஓ, ஊட்டிக்குப் போற வழியா?" ஆமாம், வழிதான். ஊட்டி உருளைக்கிழங்கு, ஊட்டி கேரட் என்று நீங்கள் வாங்குவதெல்லாம் எங்கள் மண்டியில் ஏலம் போய், எங்கள் ஊர் ஆட்கள் முதுகில் ஏறித்தான் லாரிக்குப் போகிறது. பெயர் மட்டும் ஊட்டிக்கு. மெட்ராஸ் ரயில் எங்கள் ஊரோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அதில் வருகிறவர்களில் எங்கள் ஊருக்கு என்று வருகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மே மாத வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு இறங்கி, வியர்த்து வடிந்தபடி அடுத்த ரயிலுக்கு ஓடுகிற கூட்டத்தை எங்கள் ஊரில்தான் பார்க்கலாம்.

அவர்கள் ஓடுவது எதிர்ப் பக்கம் நிற்கிற மலை ரயிலுக்கு. அது ஒரு நாளைக்கு ஒரு முறைதான் மேலே போகும். முன்பதிவு கிடைக்காதவர்கள் முண்டியடித்துத்தான் ஏற வேண்டும். அதனால் எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. சொந்தக்காரர்கள் ஊட்டிக்குப் போகிறார்கள் என்றால், வீட்டு ஆம்பளை முன்னாடியே போய் மலை ரயிலில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார். வீட்டுப் பொம்பளை காலைப் பலகாரம் செய்து தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போவாள். இடம்தான் இருக்கிறதே என்று வந்தவர்கள் நிதானமாக இறங்கி, சாப்பிட்டு, நான்கு வார்த்தை பேசிவிட்டு ஏறுவார்கள். சீசன் வந்தால் பிளாட்பாரம் முழுக்க இந்த விருந்துதான். யாரும் வீட்டுக்கு வருவதில்லை. ரயில் மாறுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் உறவு.

நானும் ஒவ்வொரு மே மாதமும் அப்படிப் போனவள்தான். மெட்ராஸில் இருக்கும் என் அக்காவும் அவள் கணவரும் மகளும் வருவார்கள். மகள் என்றேன். அவள் நான் பெற்ற குழந்தை.

அதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமாகி வெகு காலம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. எனக்கு மூத்தவன் பிறந்து, இரண்டாவது பிரசவம் பார்க்க வந்தவள் அவள்தான். குழந்தையைக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள் கைதான். ஊருக்குத் திரும்புகிற அன்று, பெட்டி வாசலில் இருக்கிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது, அவள் குழந்தையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கு மறுக்கத் தோன்றியிருக்கும். "நீங்களே கொண்டுட்டுப் போங்கக்கா" என்று நான்தான் சொன்னேன்.

என் கணவர் பாக்கு மண்டியில் தரம் பிரிக்கிற வேலை பார்ப்பவர். அதிகம் பேச மாட்டார். "நெசமாத்தான் சொல்றியா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தப் பிரசவத்தோடு எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகியிருந்தது. பஸ் போன பிறகு பால் கட்டிக்கொண்டு நான் பட்ட வலியில்தான், வாயால் கொடுத்தது என்ன என்று உடம்புக்குப் புரிந்தது.

குழந்தைக்கு விவரம் தெரியும்வரை யாரும் சொல்லக் கூடாது என்பது பேச்சு. நான் ஒரு தடவையும் அதை மீறவில்லை. அவளுக்கு நான் சித்தி. வருடத்தில் ஒரு நாள், ரயில் நிலையத்தில், இட்லி கொண்டு வருகிற சித்தி.

அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு என்று ஒரு வேலை இருந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் புரண்டு படுத்து அவள் தலை சிக்குப் பிடித்து வரும். நான் சீப்பும் எண்ணெயும் ரிப்பனும் கொண்டு போவேன். சிமெண்ட் பெஞ்சில் அவளை முன்னால் உட்கார வைத்து, சிக்கெடுத்து, ரெட்டை ஜடை பின்னிவிடுவேன். சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்று பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னிய வருடமும் உண்டு. என் கையில் என் முடி மாதிரியே இருக்கும் அவள் முடி. சுருட்டை, முரட்டு முடி. அக்காவுக்கு நேர் முடி.

அந்த வருடம் அவளுக்கு ஏழு வயது. வழக்கம் போல மண்டிக்குப் போன் வந்தது. நான் ஓடிப்போய்ப் பேசினேன். "இந்த வருசம் ஒரே ஒரு நாள் வீட்டுல தங்கிட்டுப் போங்கக்கா. காலைல எறங்கி, மறுநா ரயிலுக்குப் போயிருங்க" என்று கெஞ்சினேன். "பார்க்கலாம்" என்றாள் அக்கா. அக்கா மெட்ராஸுக்குப் போய் எங்கள் பக்கத்து 'ங்க'வையெல்லாம் தொலைத்துவிட்டாள். அவள் பேச்சில் முடியாது என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாது. நான் பார்க்கலாம் என்பதை வருகிறோம் என்று எடுத்துக்கொண்டேன்.

பைத்தியம் பிடித்தவள் மாதிரிதான் இருந்தேன் அந்த வாரம். வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மெட்ராஸ் பிள்ளைக்கு வேர்க்குமே என்று பக்கத்து வீட்டில் மேஜை மின்விசிறி இரவல் வாங்கினேன். பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு முஸ்லிம் குடும்பம், அந்தம்மா எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி. மின்விசிறியைக் கொடுத்துவிட்டு, "பெத்தவ வாசல மிதிக்குது புள்ள, நல்லாப் பாத்துக்குங்க" என்றார். அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. தெரு முழுக்க எல்லோருக்கும் எல்லாம் தெரியும். நான் பெற்றதை அவர்கள் பார்த்திருக்கிறார்களே. அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய், "புள்ளைக்கு முன்னால ஒரு வார்த்தை வாய் தவறிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். எல்லோரும் சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றார்கள்.

அவளுக்கு எதையெல்லாம் காட்ட வேண்டும் என்று ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போடுவேன். பவானி ஆற்றில் கால் நனைக்க வைக்க வேண்டும். களத்தில் பாக்கு காய்கிறதைக் காட்ட வேண்டும். பத்ரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். இடியாப்பம் மாதிரி எங்கள் பக்கத்துச் சந்தவை பிழியும்போது அவளையே கட்டையைப் பிடித்து அழுத்தச் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரு பகலில் முடியுமா என்று என் கணவரிடம் கேட்டேன். "முடியும், படு" என்றார்.

அன்று காலை அவர் எனக்கு முன்னாலேயே தோளில் துண்டோடு கிளம்பிப் போனார். நான் பின்னாலேயே தூக்குப்போசியும் சீப்பும் எடுத்துக்கொண்டு போனேன். ரயில் வந்தது. அவள் இறங்கினாள். முன் பல் இரண்டும் விழுந்து, வளர்ந்து, ஒல்லியாகி, ஆளே மாறியிருந்தாள். "ஹலோ சித்தி" என்றாள்.

பெஞ்சில் உட்கார வைத்துச் சிக்கெடுத்தேன். அவளுக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், குகை வரும், வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று ஒரே மலை ரயில் பேச்சு. வருடா வருடம் அதே ரயிலில் போகிறவள்தான், ஆனாலும் அவளுக்கு அலுக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். "வீட்டுல எல்லாம் தயாரா இருக்குங்கக்கா" என்றேன். அக்கா இட்லியைப் பிட்டுக்கொண்டே, "திரும்பும்போது கண்டிப்பா வர்றோம்" என்றாள்.

திரும்பும்போது. போன வருடமும் அதைத்தான் சொன்னார்கள். ஊட்டியிலிருந்து மைசூர் இறங்கி, பெங்களூர் வழியாக மெட்ராஸ் போய்விட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொன்னார்கள். ஊட்டிக்கு அந்தப் பக்கமும் வழி இருக்கிறது. எங்கள் ஊருக்குத்தான் ஊட்டியைத் தவிர வேறு கதி இல்லை.

நான் இரண்டாவது ஜடையைப் பின்னி முடித்தேன். எல்லோரும் எழுந்து மலை ரயில் பக்கம் போனோம். பெட்டிகளில் ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். துண்டு அவர் தோளிலேயே இருந்தது.

"இன்னிக்கு ஒரே கூட்டமுங்கண்ணா. எடம் கெடைக்கலீங்க" என்றார் அக்கா கணவரிடம். "பரவாயில்லீங்க, வீட்டுக்கு வாங்க. பகல்ல இருந்துபோட்டு நாளைக்குப் போலாமுங்க. நாளைக்கு நான் எப்படியும் புடிச்சுத் தர்றேனுங்க."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூட்டம் எப்படி இருந்தாலும் துண்டு போடாமல் வந்ததில்லை அவர். அன்று அவர் பெட்டிக்குள் ஏறவே இல்லை என்பது எனக்கு அந்த நொடியில் தெரிந்துபோனது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. எனக்காக ஒரு பகலைத் திருடப் பார்த்திருக்கிறார் மனுஷன். அந்தச் சில நிமிடங்கள் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மறைக்க விரும்பவில்லை.

அக்காவின் கணவர் கோபப்படவில்லை. நல்ல மனுஷன்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லப்பா, உனக்கு எதுக்குச் சிரமம். வெளியில டாக்ஸி நிக்குமே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை பாருங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ரயில் போனால் போனதுதான், மறுநாள்தான். ஊட்டிக்கு வாசலில் வரிசையாக அம்பாசடர் நிற்பது தினம் பார்க்கிற எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

ரயில் ஊதியது. குழந்தை ரயில் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அழுதாள். என் கணவர்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ரயில் நகர்ந்தது. அவள் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் குனிந்து தூக்கப் போனேன். "அழாத அம்மணி, நம்ம வீட்டுக்குப் போலாம் வா, ஆத்துக்குப் போலாம்" என்றேன்.

கையைத் தட்டிவிட்டாள். "உங்க ஊர்ல என்ன இருக்கு சித்தி? எனக்கு ட்ரெயின்தான் வேணும். உங்க வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

ஏழு வயதுப் பிள்ளை, பொம்மை பிடுங்கப்பட்ட கோபம். எனக்குத் தெரியாதா? ஆனாலும் ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்ததில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. அவளுடைய சித்தப்பா என்கிற அப்பா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. என் கணவரிடமே இருந்த துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குழந்தையைத் தன் கணவரிடம் போகச் சொல்லிவிட்டு என்னைத் தனியாகத் தூணோரம் இழுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வாயில் எங்கள் பக்கத்துப் பேச்சு வந்தது.

"என்னைக் கொன்னுபோடாத கண்ணு. உங்க தெருவுல ஒருத்தி வாயத் தொறந்தா நான் என்ன பண்ணுவேன்? நீயி ஒரு நா வெச்சுக்குவே. அப்பறம் அது என்னைய அம்மான்னு கூப்புடுமா? உனக்குப் பையன் ஒருத்தன் இருக்கறான். எனக்கு யாரு இருக்கறா?"

தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன் என்று சமாதானமாகத்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது. வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது, அவளுக்கு நான் தண்டோரா போட்ட மாதிரி. கையை விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக வாசலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவர்கள் டாக்ஸியில் ஏறிவிட்டிருந்தார்கள். குழந்தை பின் சீட்டில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கணவர் கையசைத்தார். வண்டி போய்விட்டது.

நாங்கள் வீட்டுக்கு வந்தோம். தெருவில் எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா மட்டும் உள்ளே வந்து, ஊற வைத்திருந்த அரிசியைப் பார்த்துவிட்டு, "நான் அரைச்சுத் தர்றேன், நீங்க படுங்க" என்றார். அன்று சந்தவை பிழிந்து தெருவுக்கே கொடுத்தோம். என் கணவர் சாப்பிடாமல் மண்டிக்குப் போனார். அவரிடம் நான் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நல்லது செய்ய நினைத்தவரிடம் என்ன கேட்பது? அவர் போகிற வழியில்தான் ரயில் நிலையம். அன்றிலிருந்து காய்கறிச் சந்தை பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்.

அந்த வருடமும் அவர்கள் மைசூர் வழியாகவே திரும்பினார்கள். அடுத்த மே மாதம் கொடைக்கானல். அதற்கடுத்து ஏற்காடு. ஊட்டி அலுத்துவிட்டது என்றாள் அக்கா. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மண்டிக்குப் போன் வரும், நலம் விசாரிப்போம். அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நான் கொடுத்ததைத்தான் அவள் காப்பாற்றிக்கொள்கிறாள் என்று புத்தி சொல்கிறது. புத்தி சொல்வதை வயிறு எங்கே கேட்கிறது?

முதல் இரண்டு வருடம் நான் மட்டும் மே மாதத்தில் ஒரு நாள் நிலையத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. இறங்கி ஓடுகிறவர்கள் என்னிடம், "ஊட்டி ட்ரெயின் எந்தப் பக்கம்மா?" என்று கேட்பார்கள். கையைக் காட்டுவேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் ஒரு தீபாவளி. மண்டிக்குப் போன் வந்தது. அக்கா பேசிவிட்டு, என்ன தோன்றியதோ, போனை அவளிடம் கொடுத்தாள். குரல் முழுக்க மாறிவிட்டிருந்தது. பெரிய பெண் மாதிரி பேசினாள். பழைய கோபமெல்லாம் அவளுக்கு ஞாபகம்கூட இல்லை.

"சித்தி, நாங்க ஸ்கூல்ல ஊட்டி டூர் போனோமே, அம்மா சொன்னாங்களா?"

"இல்லையே கண்ணு. எப்ப?"

"போன மாசம். பஸ்லயே போனோம்."

ஊட்டிக்குப் போகிற பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். குழாயடியிலிருந்து பார்த்தால் அந்தச் சாலை தெரியும். "எங்க ஊர் வழியாத்தான வந்திருப்பே அம்மணி?" என்றேன். எவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக.

"வந்திருக்கும் சித்தி. நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா மலை வந்துடுச்சு."

"ஊட்டில குளிர் ஜாஸ்திங்களா?" என்று கேட்டேன். பெற்ற பிள்ளையிடம் 'ங்க' போட்டுப் பேசினேன், வெளியாளிடம் பேசுகிற மாதிரி. அவள் குளிரைப் பற்றி, படகைப் பற்றி, சாக்லேட் பற்றி நிறையச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன். போனை வைத்ததும், சாக்குப் பக்கத்தில் பாக்கைப் பிரித்துக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிராமல், "என்ன சொல்லுச்சு?" என்றார். "நல்லா இருக்குதாமுங்க" என்றேன்.

பெற்ற பாசம் எங்கே இருந்தாலும் ஒரு நாள் இழுத்து வரும் என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. அப்படி ஒன்றும் இழுக்காது, பக்கத்திலேயே கடந்து போனாலும் தூக்கம்கூடக் கலையாது என்று அன்று தெரிந்துகொண்டேன், ஆனாலும் ஊட்டி பஸ் ஒன்று எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்க்காமல் இருக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.